கரிக்காட்டு மந்தை

முப்பது மான்கள் நிற்கும் சரிவிலிருந்து ஒரு முனகல்கூட வராததை, லியோனா முதலில் தன் காதுக் கோளாறு என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

இருபத்தாறு வருடமாக ஐடஹோவின் ஒரு மலையூரில் இறைச்சிக்கூடம் நடத்துகிறவள் அவள். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து இறக்கும் எல்க் மான்களைத் தோலுரித்து, கூறுபோட்டு, பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். எலும்பு அறுக்கும் ரம்பத்தின் பக்கத்திலேயே நின்று நின்று வலது காது மந்தமாகிவிட்டிருந்தது. அதனால் கம்பளித் தொப்பியைக் கழற்றி, இடது காதைச் சரிவின் பக்கம் திருப்பி, ஈரச் சாம்பலும் பழைய கரியும் மணக்கும் அந்தக் காலைக் குளிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கீழே டல்லி ஓடையின் சலசலப்பு இருந்தது. பட்டையுரிந்து, கிளையில்லாமல், கன்னங்கரேலென்று ஆயிரக்கணக்கில் நிற்கும் பைன் மரங்களின் வெடிப்புகளுக்குள் காற்று நுழைந்து, காலி பாட்டிலின் வாயில் யாரோ ஊதுவதுபோல ஊதிக்கொண்டிருந்தது. மான்களிடமிருந்து மட்டும் ஒன்றுமில்லை. பெட்டை மான்கள் கூட்டமாக இருக்கும்போது வாயை மூடுவதே கிடையாது. தாய் கூப்பிடும், கன்று பதில் சொல்லும், சந்தையில் பெண்கள் பேசிக்கொள்வதுபோல ஓயாமல் கீச்சுக்குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். இவை தலையைக் குனிந்து, பக்கத்தில் பக்கத்தில் நின்று, எதையோ மென்றுகொண்டிருந்தன. அவ்வளவுதான்.

"இவ்வளவு கூட்டம் நிக்குது. ஒண்ணாவது வாயத் தொறக்குதா பாரேன்," என்றாள்.

பக்கத்தில் குப்புறப் படுத்திருந்த அவள் தம்பி டாரல், காய்ந்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தான். "அம்மா போட்ட சோத்த நம்ம வீட்டு மேசைல உக்காந்து தின்ன மாதிரி இருக்கு. பேசுனா அடி விழும்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க."

அவன் சிரித்துப் பார்த்து மூன்று வருடமாகிறது. இந்த மலையை எரித்த தீதான் டாரலின் வீட்டையும் எரித்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா ஊருக்குப் போய்விட்டாள். அவன் லியோனா வீட்டின் பின்பக்கம் ஒரு பழைய டிரெய்லரில் குடியேறி, பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு கிடந்தான். தீ எரிந்த பகுதியில் வேட்டையாட வருடத்துக்கு இருபது பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கலில். அவனைக் கேட்காமலே அவன் பெயரைப் போட்டுவைத்தவள் லியோனா. வரமாட்டேன் என்று நான்கு நாள் மல்லுக்கட்டினான். "அந்தக் காட்ட நான் திரும்பப் பாக்க வேணாம்க்கா," என்றான். அவள் விடவில்லை.

எரிந்த காடு மானுக்குச் சொர்க்கம் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நிழல் போய்விட்டதால் வெயில் தரையைத் தொடுகிறது, சாம்பலில் புல் முழங்காலளவு எழும்புகிறது, ஆஸ்பென் மரக்கன்றுகள் துளிர்க்கின்றன. பயப்பட வேண்டியது செத்து நிற்கும் மரங்களுக்குத்தான். வேர் கருகிப்போய், பழக்கத்தில் மட்டும் நின்றுகொண்டிருப்பவை அவை. காற்று வலுத்தால் வேட்டையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். மற்றபடி சிரமமில்லாத இடம்.

இருவரும் வளைந்து வளைந்து கீழே இறங்கினார்கள். பாதி வழியில் லியோனாவின் பூட்ஸ் எதிலோ வழுக்கியது. மான் புழுக்கை கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டையாக, காய்ந்த புல்லாக உதிரும். இது கறுப்பாக, கயிறு முறுக்கியதுபோல நீளமாகக் கிடந்தது. முனை முழுக்க மயிர். ஓநாய் போட்டது என்று நினைத்துக் குனிந்து பாதத்தடம் தேடினாள். சேறு முழுக்கக் குளம்புத் தடங்கள்தான். இரண்டாகப் பிளந்த, பெரிய, ஆழமான குளம்புகள். பாதம் ஒன்றுகூட இல்லை. சுற்றிலும் புல் முழங்காலுக்கு நின்றது. ஒரு நுனிகூடக் கடிபடவில்லை.

டாரலிடம் அவள் சொல்லவில்லை. அவன் துப்பாக்கியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சின்ன வயதில் நடந்ததுபோல முன்னால் போய்க்கொண்டிருந்தான். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இருநூறு கஜத்தில் ஒரு பாறையில் துப்பாக்கியை வைத்து அவன் சுட்டான். ஓரத்தில் நின்ற கொழுத்த பெட்டை இரண்டு அடி நடந்து, முன்னங்கால் மடங்கி, பக்கவாட்டில் சாய்ந்தது. வெடிச்சத்தம் பள்ளத்தாக்கின் இரண்டு சுவரிலும் மோதித் திரும்பியது.

மற்ற மான்கள் ஓடவில்லை.

ஒரே சமயத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு அவசரமில்லாமல் ஐம்பது கஜம் மேலேறி, கருமரங்களுக்கிடையே போய், திரும்பி நின்றுகொண்டன.

"என்னடா இது, ஓட மாட்டேங்குதுங்க?"

"மூணு வருஷமா துப்பாக்கிச் சத்தம் அவ்வளவா கேக்கல இல்ல. மறந்துபோச்சோ என்னவோ," என்றான் டாரல். ஆனால் அவன் குரலில் சிரிப்பு இல்லை.

விழுந்த மானின் பக்கத்தில் பைகளை இறக்கி வைத்தார்கள். லியோனா கையுறையை மாட்டி, முழங்காலிட்டு, கத்தியை நெஞ்செலும்பின் அடியில் குத்திக் கீழே இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. குடல் சரிந்து வெளியே வந்து ஆவி பறந்தபோதுதான் அவள் கை நின்றது. புளித்த புல்லின் வாசனை வர வேண்டும். அந்த வாசனையோடுதான் அவள் அரை வாழ்க்கையைக் கழித்திருந்தாள். வந்தது வெயிலில் கிடந்த கறியின் நாற்றம். கோதுமை மூட்டைபோல உப்பியிருக்க வேண்டிய இரைப்பை சுருங்கி, தளர்ந்து, அசிங்கமாகத் தொங்கியது.

இரைப்பையை யாரும் கிழிக்க மாட்டார்கள், கறி கெட்டுவிடும். அவள் கிழித்தாள்.

பச்சையாக ஒன்றுமில்லை. சாம்பல் நிறக் கூழ். அதற்குள் கொத்துக் கொத்தாக மயிர், வழவழவென்று தேய்ந்த எலும்புச் சில்லுகள். கத்தி முனையில் ஏதோ மாட்டியது. இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறத் துணி, அதன் ஓரத்தில் ஜிப்பின் பித்தளைத் தலை. துணியை உதறியபோது சின்னதாக ஒன்று அவள் முழங்காலில் பட்டு உருண்டது.

டாரல் அதைப் பொறுக்கிப் பார்த்தான். "மானோட பல்லுதானே?"

"மான் பல்லுக்கு எவன்டா வெள்ளி அடைப்பான்?"

போன அக்டோபரில் ஸ்டாபர் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இந்தப் பக்கம் தனியாக வேட்டைக்கு வந்தவர், திரும்பவில்லை. பதினொரு நாள் நாய்களை வைத்துத் தேடினார்கள். கூடாரம் கிடைத்தது. கரடி என்றார்கள். அவர் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையின் படம் லியோனாவின் கடை வாசலில் ஆறு மாதம் ஒட்டியிருந்தது.

டாரல் தள்ளிப் போய் வாந்தியெடுத்தான். புறங்கையால் வாயைத் துடைத்தபடி அங்கேயே நின்றான். "தீ அன்னிக்கு நான் தண்ணி லாரி ஓட்டிக்கிட்டு அந்த முகட்டு மேல இருந்தேன். நூத்துக்கணக்கில மானு இந்த ஓடைக்குள்ள எறங்கி நின்னுச்சு. ரெண்டு பக்கமும் எரியுது. எல்லாம் செத்துச்சுன்னுதான் நாங்க நெனச்சோம். அப்புறம் பனி விழுந்துச்சு. அடுத்த மே மாசம் வரைக்கும் இங்க ஒரு புல்லு மொளைக்கல." அவன் அவளைப் பார்த்தான். "அப்ப இதுங்க எதைத் தின்னுச்சுக்கா?"

"பேசாத. துப்பாக்கிய எடு. மானும் வேணாம், ஒண்ணும் வேணாம். கெளம்பு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவை இறங்கி வந்திருந்தன. எந்த நேரத்தில், எப்படிச் சத்தமில்லாமல் என்று தெரியவில்லை. முப்பது கஜத்தில், அரைவட்டமாக, ஒவ்வொரு கருமரத்துக்கும் ஒன்று என்று பங்கு போட்டதுபோல நின்றன. கழுத்து மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. மூக்குத் துவாரங்கள் விரிந்து விரிந்து மூடின. கண்களில் மிரட்சி இல்லை. தீவனம் போடும்வரை காத்திருக்கும் மாடுகளின் பொறுமைதான் இருந்தது.

லியோனா கத்தினாள். கைகளை ஆட்டினாள். கல்லை எடுத்து எறிந்தாள். கல் ஒன்றின் நெற்றியில் பட்டது. அது கண்ணைச் சிமிட்டியது. தன் துப்பாக்கியைத் தூக்கி ஆகாயத்தில் ஒரு தடவை சுட்டாள்.

காதுகள் அசைந்தன. வேறு ஒன்றும் அசையவில்லை.

"பின்பக்கமாவே நட. ஓடாத," என்றாள். பைகள் செத்த மானின் பக்கத்தில் கிடந்தன. மிச்சத் தோட்டாக்கள் அதில். எடுக்கப் போகவில்லை. நாற்பது அடி நடந்திருப்பார்கள். காற்று திடீரென்று பள்ளத்தாக்கின் வாயிலிருந்து ஏறி வந்தது. அத்தனை மரமும் ஒரேயடியாக ஊதத் தொடங்கின. தரைக்கடியில் எங்கோ 'படக்' என்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற சத்தம்தான் அது, ஆனால் பெரியது.

"டாரல்!"

மரம் விழுந்ததை அவள் பார்க்கவில்லை. கரித்தூள் எழுந்து மூடியது. அடங்கியபோது அவன் மல்லாந்து கிடந்தான். இரண்டு தொடைகளுக்கும் குறுக்கே அந்தக் கருந்தண்டு கிடந்தது. அவன் துப்பாக்கி அதன் அடியில் இரண்டாக வளைந்திருந்தது. முதலில் அவன் கத்தவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறகு கத்தினான்.

அந்தச் சத்தத்துக்குத்தான் மான்கள் முதல்முறையாகப் பதில் கொடுத்தன. எல்லாம் ஒன்றாக. கன்றைக் கூப்பிடும் அதே கீச்சுக்குரல்.

ஒரு கழியை நுழைத்து நெம்பினாள். கழி ஒடிந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கத்தியாலும் நகத்தாலும் அவன் காலுக்கடியில் சாம்பலைத் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் பாறை தட்டியது. பக்கத்தில் கூட்டம் செத்த மானைச் சூழ்ந்துவிட்டிருந்தது. பார்க்கக் கூடாதென்று நினைத்தும் பார்த்தாள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கடித்து வெட்ட அதற்குத் தெரியாது. பிடித்து, தலையைப் பின்னுக்குச் சொடுக்கி, கிழிக்கத்தான் தெரியும். ஈரத்துணியைக் கிழிக்கிற அந்தச் சத்தம் விடாமல் வந்தது. பிறகு கடைவாயில் போட்டு அரைக்கிற சத்தம். நிதானமாக. அசைபோட்டு.

"அக்கா, நீ போ. வண்டில போயி ஆள் கூட்டிட்டு வா."

"வாய மூடு."

"ரெண்டு மைல்தானே. ஓடிருவ."

"வாய மூடுடா!"

ஒரு பெட்டை கூட்டத்திலிருந்து விலகி இவர்களை நோக்கி வந்தது. தாடையிலிருந்து சிவப்பாக நூல் வடிந்தது. லியோனா அதன் நெஞ்சில் சுட்டாள். அது விழுந்த இடத்துக்கு மற்றவை நகர்ந்தன. துடிப்பு அடங்கும்வரைகூடப் பொறுக்கவில்லை. அது தலையைத் தூக்கித் தன் வயிற்றைத் தின்பவற்றைப் பார்த்தது.

இன்னும் இரண்டு தோட்டா. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கிடைக்கும் என்று அவள் மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. தோண்டினாள். நகங்கள் பெயர்ந்தன. டாரலின் கால்சட்டை ஊறி, சாம்பல் சேறாகிக்கொண்டிருந்தது. அந்த வாசனை காற்றில் போய்க்கொண்டிருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கூட்டத்தின் ஆண் மான், கொம்பன், வந்ததை அவள் கேட்கவே இல்லை. வந்தது வலது பக்கம். மந்தக் காதின் பக்கம். முதுகில் ஒரு கதவு மோதியதுபோல இருந்தது. கால்கள் தரையை விட்டன. விலாவுக்குள் ஏதோ முறிந்து உள்ளே குத்தியது. விழுந்த இடத்தில் புரண்டபோது கொம்பின் கிளைகள் அவள் முகத்துக்கு மேல். ஆறு முனை. ஒன்றில் அவள் சட்டைத் துணி. துப்பாக்கி முனையை அதன் தொண்டையில் அழுத்தி விசையை இழுத்தாள். சூடான ரத்தம் அவள் கண்ணை மூடியது. முந்நூறு கிலோ உடம்பு அவளை உரசிக்கொண்டு சரிந்தது.

தவழ்ந்து தம்பியிடம் வந்தாள். வாயில் ரத்தம். யாருடையது என்று தெரியவில்லை.

"எத்தனை இருக்குக்கா?"

"ஒண்ணு."

அவன் உதடுகள் நீலமாகியிருந்தன. "எனக்குக் குடுத்துரு."

மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள்.

"உசுரோட இருக்கும்போது வேணாம்க்கா. அதப் பாத்தேல்ல? அது தலையத் தூக்கிப் பாத்துச்சு." மூச்சு வாங்கினான். "உன் கைக்குத் தெரியாததா? நான் கண்ண மூடிக்கிறேன். நீ மூஞ்சியப் பாக்காத."

கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

குழாய் முனையை அவன் நெற்றியில் வைத்தாள். குளிர்ந்த இரும்பு பட்டதும் அவன் புருவம் சுருங்கியது. "ம்," என்றான். "சீக்கிரம்." அவள் விரல் வளைந்தது. பாதி வளைந்தது. கழுத்தின் பின்னால் சூடாக மூச்சு பட்டது.

திரும்பினாள். கையெட்டும் தூரத்தில் ஒரு முகம். ஈரமான பெரிய கண். மெல்லும் தாடை.

சுட்டாள்.

அது மடங்கி விழுந்தது. வெடிச்சத்தம் போய் மோதி, திரும்பி வந்து, அடங்கியது. டாரல் கண்ணைத் திறந்தான். தான் இன்னும் இருப்பதைப் பார்த்தான். அவளையும், அவள் கையிலிருந்த காலித் துப்பாக்கியையும், விழுந்த மானையும் பார்த்தான். அவன் முகத்தில் கோபமில்லை. புரியாத ஓர் ஆச்சரியம்தான்.

"அக்கா?" என்றான்.

அவள் ஓடினாள்.

இருபது கஜத்தில் ஒரு பாறை செங்குத்தாக நின்றது, இரண்டு ஆள் உயரம். எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது. முறிந்த விலா ஒவ்வொரு பிடிக்கும் குத்தியது. உச்சியில் ஒரு கட்டில் அகலம்தான் இடம். இரண்டு பெட்டைகள் பின்னங்காலில் எழும்பி, முன்குளம்பால் பாறையைச் சுரண்டின. ஒரு குளம்பு அவள் பூட்ஸ் அடியைத் தட்டியது. காலை இழுத்துக்கொண்டாள். அவை இறங்கி, நிமிர்ந்து பார்த்தபடி, பாறையடியிலேயே நின்றன.

நடுப்பகல். வெயில் நன்றாக இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

கூட்டம் அவனிடம் வந்தது. ஆனால் தொடவில்லை. விலகி வழிவிட்டது. பின்னாலிருந்து ஒரு தாய், தன் கன்றை மூக்கால் தள்ளித் தள்ளி முன்னால் கொண்டுவந்தது. அந்த வருடத்துக் கன்று. மெல்லிய கால்கள். அது தயங்கியது. தாய் மறுபடி தள்ளியது. மெதுவாக, பொறுமையாக.

கன்று கழுத்தை நீட்டி டாரலின் முகத்தை முகர்ந்தது. நாக்கை நீட்டி, அவன் நெற்றியில் கரி அப்பியிருந்த இடத்தை நக்கியது. கன்னத்தை நக்கியது. பிறகு அவன் வயிற்றுப் பக்கம் தலையைத் தாழ்த்தியது. பிடித்தது. தலையைப் பின்னுக்குச் சொடுக்கத் தெரியாமல், சும்மா இழுத்தது.

டாரலின் கை எழுந்தது. தள்ளப்போகிறான் என்று லியோனா நினைத்தாள். கை கன்றின் கழுத்தில் போய் அமர்ந்தது. அந்த இளமயிரைத் தடவியது. மேலிருந்து கீழாக. மறுபடி மேலிருந்து கீழாக. அவன் உதடுகள் அசைந்தன. ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், மிருதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல.

கன்று இழுத்தது. தாய் அதன் முதுகை நக்கிக்கொடுத்தது. கை தடவிக்கொண்டே இருந்தது.